ஐந்து விழுக்காடு வின்னி

"அந்தக் கொக்கி என் பொண்ணு முழங்காலுக்குத்தான் வருது. கோட்டை மாட்டினா பாதிக் கோட்டு தரையைக் கூட்டுது. அதைச் சொன்னா அடைவு, அடைவுங்கிறீங்க. கோட்டுக்கு என்ன மேடம் அடைவு?"

ஷெரில் கேட்டது பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில்தான். ஆனால் காலை ஏழு மணிக்கே மீன் வறுவல் கடையில் உருளைக்கிழங்கு இயந்திரத்தோடு போட்டி போட்டுப் பேசிப் பழகிய தொண்டை அது. எதிர்ச்சாரி வீடுகளில் இரண்டு சன்னல் திரைகள் விலகின.

"சத்தம் வேண்டாம் வின்னி அம்மா" என்றார் தலைமையாசிரியர் மிஸஸ் பெத்வின். பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சொந்தப் பெயர் உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்வதில்லை. "கொக்கி குழந்தையோட உயரத்தைப் பார்த்துக் குடுக்கிறதில்லை. படிப்பைப் பார்த்துக் குடுக்கிறது. அவளும் படிச்சா மேல போயிடலாம்."

"அவ ஏற்கெனவே உயரமாத்தான் இருக்கா. கொக்கிதான் குள்ளமா இருக்கு."

கார்ல்பி சின்னப் பிள்ளைகள் பள்ளியின் தாழ்வாரச் சுவரில் அந்த வசந்தத்தில்தான் சிவப்புப் பட்டை ஒன்று நீளவாக்கில் தீட்டப்பட்டிருந்தது. அதுதான் தேசிய சராசரி. வாசிப்பு அடைவில், அதாவது தேர்ச்சியில், நாட்டின் சராசரியை எட்டிய குழந்தைகள் பட்டைக்கு மேலே உள்ள கொக்கியில் கோட்டு மாட்ட வேண்டும், எட்டாதவர்கள் கீழே. வகுப்பிலேயே முதலாவதாக வாசிப்பவன் பெர்சி. வகுப்பிலேயே குள்ளமானவனும் அவன்தான். அவனுக்கு ஒதுக்கிய கொக்கி கூரையை ஒட்டி இருந்தது. தினமும் காவலாளி அவனைத் தூக்கிப் பிடிக்க, அவன் கோட்டை எறிந்து மாட்டுவான். காவலாளி முதுகுவலியில் விடுப்பெடுத்த வாரம் முழுக்கக் கோட்டு மேலேயே தொங்க, அந்த மேதை நனைந்துகொண்டேதான் வீடு போனான். வகுப்பிலேயே நெட்டையான வின்னி, கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்து தன் கோட்டை மாட்டினாள்.

பட்டையைத் தீட்டச் சொன்னது சுடர்விளக்குக் கல்விக் கூட்டமைப்பு. கடலோரத்துச் சின்னப் பள்ளிகளையெல்லாம் ஒரு குடையின்கீழ் சேர்த்து முன்னேற்றுவதற்காகத் தோன்றிய அமைப்பு அது. குடையைப் பிடித்திருந்தவர் மிஸ்டர் ஃபென்விக். அவர் சேர்ந்த நாளிலிருந்து கூட்டமைப்பின் காகிதங்களிலெல்லாம் "ஒரு குழந்தையும் சராசரிக்குக் கீழே இல்லை" என்று அச்சாகி வருகிறது. அச்சகத்தில்கூட யாரும் சந்தேகம் கேட்கவில்லை.

பள்ளியில் தேர்வு எழுதுவது வின்னியின் வகுப்பு மட்டும்தான், அதில் இருபது பேர். ஆகவே ஒவ்வொரு குழந்தையும் ஐந்து விழுக்காடு. இதை மிஸஸ் பெத்வின் கண்டுபிடித்த நாளிலிருந்து பள்ளியில் குழந்தைகளே இல்லாமல் போனார்கள். "உங்கள் ஐந்து விழுக்காடு இன்று கஸ்டர்டை மிச்சம் வைத்துவிட்டது" என்று ஷெரிலுக்குக் கைப்பேசியில் தகவல் வரும். ஊஞ்சலிலிருந்து பதினைந்து விழுக்காடு விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதாகவும் ஒருமுறை வந்தது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவை மட்டும் அலுவலகத்தில் மரியாதையாக நடத்தினார்கள். அவர் பத்து.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கும் இதே முறைதான். சராசரியை மிஞ்சியவர்கள் ராஜாக்கள். எட்டியவர்கள் மேய்ப்பர்கள். எட்டுவதற்குக் கொஞ்சம் பாக்கி இருந்தவர்கள் ஆடுகள். வின்னிக்கு வைக்கோல் வேடம். அசையாமல் கிடக்க வேண்டும் என்பதே பாத்திரம். வின்னி அசையவில்லை. ஷெரில் எழுந்து நின்று கைதட்டி, "அதோ, அதுதான் என் வைக்கோல்" என்று பக்கத்து வரிசைக்குச் சொன்னாள்.

அப்படி ஒன்றும் படிப்பு வராத பெண்ணல்ல வின்னி. எண்ணெய்க் கிணற்று வேலைக்கென்று கடலுக்குப் போன அப்பா அங்கிருந்து வேறொரு குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் ஒரு வருஷம் வீட்டுக்கு வெளியே வாயே திறக்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடத்தில், மிஸ் லாம்மிங்கின் வகுப்பில்தான் மறுபடி திறந்தாள். திறந்ததும் கேள்வியாக வந்தது. அங்கேதான் சிக்கல்.

தேர்வில் ஒரு வாக்கியம் காட்டுவார்கள். குழந்தை வாசிக்க வேண்டும். அடுத்த வாக்கியம் காட்டுவார்கள், வாசிக்க வேண்டும். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் உறவு கிடையாது. முதல் வாக்கியத்தில் ஒரு நாய் கிணற்றருகே ஓடியது. வின்னி வாசித்துவிட்டாள். இரண்டாவதில் பாட்டி தொப்பி வாங்கினாள். வின்னி நிறுத்திவிட்டாள்.

"நாய் எங்க மிஸ்?"

"நாய் முடிஞ்சிருச்சு கண்ணு. இப்ப தொப்பி."

"கிணத்துல விழுந்துருச்சா?"

மிஸ் லாம்மிங்குக்குத் தெரியாது. கூட்டமைப்புக்கும் தெரியாது. வின்னி அதைத் தெரிந்துகொள்ளாமல் தொப்பிக்கு நகர மறுத்தாள். கொடுத்திருந்த நேரம் முடிந்தது. எட்டவில்லை.

இருபது பேரில் எட்டியவர்கள் பதினான்கு பேர், எழுபது விழுக்காடு. தேசிய சராசரி எழுபத்திரண்டு. மிஸஸ் பெத்வின் பல இரவுகள் தூங்கவில்லை என்று அவர் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் சொன்னார். பிறகு ஒரு நாள் அவர் முகத்தில் தெளிவு வந்தது. எட்டுகிறவர்களைக் கூட்டுவது கடினம். மொத்தத்தைக் குறைப்பது எளிது. எட்டாத ஒரு குழந்தை வேறு பள்ளிக்குப் போய்விட்டால் பத்தொன்பதுக்குப் பதினான்கு. எழுபத்து மூன்றையும் தாண்டும். பட்டைக்கு மேலே.

கொக்கிச் சண்டை நடந்த மறுநாள் ஷெரிலைத் தேநீருக்கு அழைத்தார்கள். மேசையில் சாக்லேட் தடவிய பிஸ்கட் இருந்தது. கார்ல்பியில் எந்த அலுவலகத்திலும் சாதாரண விஷயத்துக்குச் சாதாரண பிஸ்கட்தான். சாக்லேட் தடவியது வந்தால் யாரோ செத்திருக்க வேண்டும், அல்லது வேலை போயிருக்க வேண்டும். ஷெரில் அதைத் தொடவில்லை.

மார்ஷ்கேட் ஊர்ப் பள்ளி வின்னிக்கு எவ்வளவு பொருத்தம் என்று மிஸஸ் பெத்வின் அரை மணி நேரம் விளக்கினார். அங்கே காற்று நல்ல காற்று. புதிய தொடக்கம் என்பது எல்லாக் குழந்தைகளுக்கும் வாய்ப்பதில்லை. யாரும் யாரையும் போகச் சொல்லவில்லை. ஆனால் போகிறவர்களைத் தடுப்பது இந்தப் பள்ளியின் பண்பாடு அல்ல.

"நாங்க போறோம்னு யாரு சொன்னா?" என்றாள் ஷெரில்.

"சொல்லலை. அதனாலதான் பேசிட்டிருக்கோம்."

"மேடம், என் வீட்டு வாசல்ல நின்னு எட்டிப் பார்த்தா உங்க மைதானம் தெரியும். மார்ஷ்கேட் பஸ்ல ஒரு மணி நேரம். நான் வேலையை விடணுமா? அவ இப்பத்தான் பேச ஆரம்பிச்சிருக்கா. அங்க போய் மறுபடி ஊமையாகணுமா?"

"ஊமையா இருந்தா வாசிப்புத் தேர்வுல விலக்கு உண்டு" என்றார் மிஸஸ் பெத்வின், மிகுந்த கரிசனத்தோடு.

ஷெரில் முடியாது என்று எழுந்து வந்துவிட்டாள். அதற்கப்புறம் வின்னியின் நாட்கள் சுருங்கின. விளையாட்டு நேரத்தில் அவளைத் தனியே அழைத்துத் தொப்பி வாக்கியத்தைக் காட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் காட்டினார்கள். கடற்கரைக்கு நண்டு பிடிக்க எல்லாரும் போன நாளில் அவள் வகுப்பில் உட்கார்ந்து தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை வீட்டில் அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. அந்த மௌனம் எப்படித் தொடங்கும் என்று ஷெரிலுக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்தவள்.

அதனால்தான், பள்ளியில் பிள்ளைகளை எண்ணும் கணக்கெடுப்பு நாளன்று காலையில் மார்ஷ்கேட் பள்ளியைச் சும்மா பார்த்துவிட்டு வாருங்கள் என்று மிஸஸ் பெத்வின் கைப்பேசியில் தேனாகப் பேசியபோது, பார்க்கத்தான் போகிறேன், சேர்க்க அல்ல என்று சொல்லி ஷெரில் ஒத்துக்கொண்டாள். கடை முதலாளி ரோலண்டிடம் விடுப்புச் சொன்னாள். "சும்மா பார்க்கக் கூப்பிடறவன் எல்லாம் விக்கத்தான் கூப்பிடறான்" என்று ரோலண்ட் முணுமுணுத்தான். இரண்டு பழைய கார்களை அப்படித்தான் அவன் வாங்கியிருந்தான்.

பேருந்து நிறுத்தத்தில் காற்று காதை அறுத்தது. மார்ஷ்கேட்டிலிருந்து வரும் வண்டி அங்கேயே திரும்பி மார்ஷ்கேட்டுக்குப் போகும். அதை விட்டால் மதியம்தான். வண்டி வந்தது. வின்னியைக் கையில் பிடித்தபடி ஷெரில் ஏறக் காலைத் தூக்கும்போது உள்ளிருந்து ஒருத்தி இறங்கினாள். கையில் ஆறு வயசுப் பையன். பையன் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"ஏம்மா, இங்க சின்னப் பிள்ளைங்க பள்ளிக்கூடம் எந்தப் பக்கம்?"

"நேராப் போய்ச் சர்ச்சுகிட்ட திரும்பு" என்றாள் ஷெரில். பிறகு, இந்த ஊர்க்காரியாயிற்றே, கேட்காமல் இருக்க முடியுமா. "எதுக்கு?"

"இவனைச் சேர்க்கலாமான்னு பார்க்க. இந்த ஊர்ப் பள்ளிக்கூடம்தான் இவனுக்குப் பொருத்தமாம். எங்க மார்ஷ்கேட் மேடம் சொன்னாங்க. இங்க காத்து நல்லாயிருக்காம்."

ஷெரில் தூக்கிய காலைக் கீழே வைத்தாள்.

"எங்க காத்தா? கோடைல மீன் அழுகின வாடையில நாங்களே சன்னலைத் திறக்கிறதில்லை. மார்ஷ்கேட்லதான் காத்து நல்லாயிருக்குன்னு எங்க மேடம் சொன்னாங்க."

"எங்க ஊர்லயா? பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலயே பன்னிப் பண்ணை."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உனக்கு என்ன பிஸ்கட் குடுத்தாங்க?" என்று கேட்டாள் ஷெரில்.

"சாக்லேட் தடவினது."

"தின்னியா?"

"ரெண்டு" என்றாள் அவள், கொஞ்சம் வெட்கத்தோடு. அவள் பெயர் பெவ். பையன் ஸ்டான்லி. அவன் தேர்வில் எல்லா வாக்கியத்தையும் சரியாகத்தான் வாசித்தானாம், ஆனால் மேசைக்கு அடியில் உட்கார்ந்து வாசித்தானாம். மேசைக்கு மேலே வாசித்தால்தான் கணக்கு.

ஓட்டுநர், ஏறுகிறீர்களா இல்லையா, எனக்கும் நேரம் உண்டு என்றார். ஷெரில் கதவை அவளே சாத்தி அவரை அனுப்பினாள். பிறகு நால்வரும் சர்ச்சுப் பக்கம் நடந்தார்கள். பெவ் நடந்தாள் என்று சொல்வது சரியல்ல. ஷெரிலின் வேகத்துக்கு அவள் பாதி ஓடினாள்.

பள்ளியின் பெரிய கூடத்தில் கணக்கெடுப்பு விழா தொடங்கியிருந்தது. ஒரு காலத்தில் வகுப்பில் பெயர் கூப்பிட்டு முடித்துவிடுகிற வேலைதான். கூட்டமைப்பு வந்த பிறகு மேடை, ரிப்பன், பெற்றோருக்கு அழைப்பிதழ். அன்று யார் யார் பெயர் மேடையில் கூப்பிடப்பட்டு, உள்ளேன் என்று பதில் வருகிறதோ, அவர்கள்தான் அந்த வருஷத்தின் சராசரி. பெற்றோர்கள் குழந்தைகளின் நாற்காலிகளில், முழங்கால் காதைத் தொட, வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களால் எதையும் எதிர்க்க முடியாது. எழுந்திருப்பதற்கே துணை வேண்டும்.

மிஸ்டர் ஃபென்விக் பேசிக்கொண்டிருந்தார்.

"பெற்றோர்களே, இந்த நாட்டில் இன்று ஏறக்குறையப் பாதிப் பள்ளிகள் சராசரிக்குக் கீழே இருக்கின்றன. இதைவிட வெட்கக்கேடு உண்டா? போன வருடமும் பாதி. அதற்கு முந்தைய வருடமும் பாதி. எவ்வளவு செலவு செய்தாலும் பாதி. நாம் தளரவில்லை. ஒவ்வொரு பள்ளியும் சராசரிக்கு மேலே வரும்வரை ஓயமாட்டோம்."

கைதட்டல். கதவருகே நின்றபடியே ஷெரில் கேட்டாள்: "எல்லாரும் மேல போயிட்டா, அப்புறம் எதுக்கு சார் மேல?"

மிஸ்டர் ஃபென்விக் புன்னகைத்தார். கேள்வி கேட்கிறவர்களிடம் புன்னகைக்க அவர் பயிற்சி எடுத்திருந்தார். "அம்மா, கீழே இருக்க வேறு மாவட்டங்கள் இருக்கின்றன."

"வேற மாவட்டம் இல்லை சார். பக்கத்து ஊரு. இது பெவ். இவ பையனை மார்ஷ்கேட்லேர்ந்து இங்க அனுப்பியிருக்காங்க. என் பொண்ணை இங்கேர்ந்து அங்க அனுப்பறாங்க. ரெண்டு பள்ளிக்கூடமும் உங்களுதுதானே?"

மிஸஸ் பெத்வின் மேடையில் இருந்த பூச்சாடியைத் திருத்தி வைத்தார். மிஸ்டர் ஃபென்விக்கோ மகிழ்ந்துபோனார். தன் திட்டத்தை ஒரு பெற்றோர் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொண்டது அவருக்கு இதுவே முதல் தடவை.

"அதேதான். புதிய தொடக்கத் திட்டம். இரண்டு பள்ளிகளுக்கும் நான்தான் பரிந்துரைத்தேன். ஒரே காலையில் இரண்டு பள்ளிகளும் தலா ஒரு குழந்தையால் முன்னேறியிருக்கின்றன."

"ஒண்ணு போய் ஒண்ணு வந்தா பழைய கணக்குதானே?" என்று கேட்டது பெர்சியின் அப்பா. அவர் எழுந்திருக்க முயன்றார், நாற்காலியும் கூடவே எழுந்தது.

"இல்லை ஐயா. புறப்பட்டது இன்றே கணக்கில் ஏறிவிடும். வந்து சேர்ந்தது அடுத்த பருவத்தில்தான் ஏறும். இடையில் குழந்தை பயணத்தில் இருக்கிறது. பயணத்தில் இருக்கும் குழந்தைகளுக்குச் சராசரி கிடையாது."

பெர்சியின் அப்பா நாற்காலியோடு மறுபடி உட்கார்ந்தார்.

"அப்ப என் பொண்ணு இன்னைக்கு எங்க இருக்கா?" என்றாள் ஷெரில்.

"கணக்கின்படி, எங்கும் இல்லை."

ஷெரில் வின்னியின் கோட்டைக் கழற்றினாள். கைப்பிடித்து முன்னே அழைத்துப்போய், குழந்தைகள் உட்காரும் கம்பளத்தில், பெர்சிக்குப் பக்கத்தில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "கூப்பிடுங்க" என்றாள்.

மிஸஸ் பெத்வின் மிஸ் லாம்மிங்கின் காதில் ஏதோ சொன்னார். மிஸ் லாம்மிங் வேலைக்கு வந்து இரண்டாவது வருஷம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அது எல்லாருக்கும் தெரியும். அவள் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினாள். ஒவ்வொன்றாகப் பதில் வந்தது. பத்தொன்பது பெயர் முடிந்தது. மிஸஸ் பெத்வின் கைதட்டுவதற்காகக் கைகளை உயர்த்தினார்.

"வின்னி" என்றாள் மிஸ் லாம்மிங். கடைசி வரிசைக்கும் கேட்டது.

வின்னி பதில் சொல்லவில்லை. கம்பளத்தின் நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஷெரில் அவள் முதுகில் கையை வைக்கவில்லை, கிசுகிசுக்கவில்லை. மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டாள். மேடையில் மிஸ்டர் ஃபென்விக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டார், வேறு காரணத்துக்காக.

"நான் எங்கயும் போகலை மிஸ்" என்றாள் வின்னி. பிறகு மிஸ்டர் ஃபென்விக்கைப் பார்த்து, "நீங்க எப்பப் போவீங்க?"

அதை உள்ளேன் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று மிஸஸ் பெத்வின் சட்டம் பேசத் தொடங்கினார். பெற்றோர் வரிசையிலிருந்து இரட்டைப் பிள்ளைகளின் அம்மா, அவள் சொன்னது உள்ளேன் இல்லை என்றால் தன் பத்து விழுக்காட்டையும் இப்போதே வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்று அறிவித்தார். பெர்சியின் அப்பா தன்னுடையதையும் என்றார். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டன. எட்டியவர்கள் எல்லாம் எழுந்து போனால் மிச்சம் இருப்பது எத்தனை விழுக்காடு என்று மிஸ்டர் ஃபென்விக் விரல் விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ளேன் என்றே கொள்வோம்" என்றார்.

அப்போதுதான் பெவ் வாயைத் திறந்தாள். "எனக்குத் திரும்பிப் போக மதியம்தான் பஸ். அதுவரைக்கும் என் பையன் எங்கயும் இல்லாம இருக்க முடியாது. அவனையும் கூப்பிடுங்க."

"அவன் எங்கள் பள்ளி அல்ல" என்று அலறினார் மிஸஸ் பெத்வின்.

"இங்கதான் பொருத்தம்னு எங்க மேடம் சொன்னாங்களே" என்றாள் பெவ்.

மிஸ் லாம்மிங் ஏற்கெனவே குதித்தாகிவிட்டது. ஆழத்தைப் பற்றி இனி என்ன. "ஸ்டான்லி" என்றாள். எங்கோ ஒரு மேசைக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

இருபத்தொன்றில் பதினான்கு. அறுபத்தாறு புள்ளி ஆறு ஆறு ஆறு. சின்னப் பிள்ளைகள் பள்ளிகளின் வரலாற்றில் விழா எடுத்து அறிவிக்கப்பட்ட ஆகக் குறைந்த அடைவு அதுவாகத்தான் இருக்கும். கைதட்டியது பெற்றோர்கள் மட்டும். நன்றாகத் தட்டினார்கள்.

மார்ஷ்கேட் பள்ளி அந்த வருஷம் சராசரிக்கு மேலே போய்ப் பரிசு வாங்கியது. ருசி கண்ட மார்ஷ்கேட் மேடம் அடுத்த பருவத்தில் மேலும் பலருக்குப் புதிய தொடக்கம் கொடுத்தார். அதற்கடுத்த பருவத்தில் அந்தப் பள்ளி நூறு விழுக்காடு அடைந்தது. அந்த நூறு விழுக்காட்டின் பெயர் மேரியன். மேரியனுக்குத் தட்டம்மை வந்த வாரம் பள்ளியை மூடினார்கள், மறுபடி திறக்கவில்லை. பன்னிப் பண்ணைக்காரர் கட்டடத்தை வாங்கிக்கொண்டார். மார்ஷ்கேட் பிள்ளைகள் எல்லாரும் இப்போது கார்ல்பிக்குத்தான் வருகிறார்கள்.

மிஸ்டர் ஃபென்விக் பதவி உயர்வு பெற்றுத் தலைநகரம் போய்விட்டார். இப்போது மருத்துவமனைகளைச் சராசரிக்கு மேலே கொண்டுவருகிறாராம். அங்கே யாருக்குப் புதிய தொடக்கம் கொடுக்கிறார் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மிஸஸ் பெத்வின் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்காரரோடு ஸ்பெயினுக்குக் குடிபோனார். அங்கே வெயில் சராசரிக்கு மேலே என்று தபால் நிலையத்துக்கு ஒரு அட்டை வந்தது. மிஸ் லாம்மிங்கின் வேலையை நிரந்தரமாக்கவில்லை. அவள் பெர்சியின் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே ஒரு தீவுக்குப் போனாள். அந்தத் தீவில் பள்ளிக்கூடமும் அவளே, தலைமையாசிரியரும் அவளே. பெவ் ஷெரிலின் தெருவுக்கே குடிவந்தாள். அவளும் ரோலண்டும் போன மே மாதம் பதிவு அலுவலகத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். விருந்து கடையிலேயே, எல்லாருக்கும் வறுத்த மீன், ஸ்டான்லி மட்டும் மேசைக்கு அடியில்.

ஷெரில் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, குடிபெயரவும் இல்லை. வின்னி அதே பள்ளியில் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறாள். புதுத் தலைமையாசிரியர் வந்த முதல் வாரத்திலேயே ஷெரிலைத் தேநீருக்கு அழைத்தார். உங்கள் மகள் வகுப்பில் பேச்சை நிறுத்துவதே இல்லை, கொஞ்சம் கண்டித்து வையுங்கள் என்றார்.

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஷெரில் வீட்டுக்கு வந்து கண்டிக்கவே இல்லை.